தீபாவளி முதல் பொங்கல் வரை: மருந்துக்கடைப் பையில் எதை வைத்துக்கொள்வது, எதைத் திருப்பிக் கொடுப்பது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 46. மூன்று மாத சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.1 வந்திருக்கிறது. அம்மாவுக்கு 71. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும், தைராய்டுக்கு தைராக்சினும் எடுக்கிறார்; சைவம். தீபாவளியில் தொடங்கிப் பொங்கல் வரை பலகாரம், கல்யாணச் சாப்பாடு, நடுநடுவே மழை, சளி, காய்ச்சல் என்றுதான் போகும் என்பதால் மருந்துக்கடையில் கேட்டு ஒரு பை நிறைய வாங்கிவிட்டீர்கள்: மல்டிவைட்டமின், வைட்டமின் சி 500, சிங்க் 50, வைட்டமின் டி 60,000 யூனிட், மிளகுச் சத்து சேர்த்த மஞ்சள் கேப்ஸ்யூல், முடிக்கு பயோட்டின். எதை எப்போது சாப்பிடுவது என்று கேட்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில், ‘பலகாரத்தை நிறுத்த முடியாது, இதையாவது சாப்பிட்டு ஈடுகட்டிக்கொள்ளலாமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்டது இதைத்தான்.

நான் 19 வருடமாக மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். ஒவ்வொரு கார்த்திகையிலும் இதே கேள்வியோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். சத்து மாத்திரை என்பது உடம்பில் இல்லாததை நிரப்பத்தான். பண்டிகைக் காலத்தில் நமக்கு நடப்பது சர்க்கரை, நெய், எண்ணெய், உப்பு எல்லாம் கூடிப்போவது. கூடிப்போனதைக் கழிக்கிற வைட்டமின் எதுவும் கிடையாது. அதனால் ஈடுகட்ட முடியாது என்பதே நேரான பதில். ஆனால் உங்கள் வீட்டில் உண்மையாகவே குறைந்திருக்கக்கூடிய ஓரிரு சத்துகள் உண்டு; அவை அந்தப் பையில் சரியாக இல்லை. அங்கே வருகிறேன். மருந்தின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் டாக்டரின் வேலை. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அம்மாவுக்கு எவ்வளவு என்று தெரியாமல் இங்கிருந்து யாரும் அதைச் சொல்லக் கூடாது. நான் சொல்வது உணவைப் பற்றியும், மாத்திரைகளைப் பற்றிப் பொதுவாகத் தெரிந்தவற்றையும்தான்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு விஷயம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது: ‘அம்மா வழக்கம்போல் சஷ்டி விரதம் இருப்பார்.’ தீபாவளி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கிச் சூரசம்ஹாரம் வரை ஆறு நாள். பாலும் பழமும் மட்டும், சிலர் ஒரு வேளை மட்டும். கிளிமிபிரைடு என்ன செய்கிறது என்றால், நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்கிறது. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு மதியம் வரை வயிறு காலியாக இருந்தால் சர்க்கரை தாழ்ந்துவிடும். வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, பேச்சில் குழப்பம் எல்லாம் அதன் அறிகுறி. 70 வயதுக்கு மேல் இது விழுந்து இடுப்பு எலும்பு முறிவதில் போய் முடிந்ததைப் பார்த்திருக்கிறேன். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த அபாயம் மிகக் குறைவு. கிளிமிபிரைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு நிச்சயம் உண்டு. விரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது எவ்வளவு முக்கியம் என்று புரிகிறது. தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் போய், எந்த நாள் என்ன சாப்பிடுவார் என்பதைச் சொல்லி, மாத்திரை அளவை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

தீபாவளி அன்றைக்கே கூட இதே சிக்கல்தான். விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல், லேகியம், ஒரு வாய் இனிப்பு, பிறகு வருகிறவர்களைக் கவனிப்பதில் பத்து மணி ஆகிவிடும். மாத்திரை மட்டும் வழக்கமான நேரத்தில் உள்ளே போயிருக்கும். அன்றைக்கு இரண்டு இட்லியாவது தட்டில் வைத்த பிறகுதான் கிளிமிபிரைடைக் கையில் கொடுங்கள். சர்க்கரை தாழ்ந்தால் கொடுக்க வேண்டியது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ குளுக்கோஸோ, தண்ணீரில் கரைத்து. கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று மைசூர்பாகை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். அதிலுள்ள நெய், சர்க்கரை ரத்தத்துக்குப் போவதைத் தாமதப்படுத்தும்.

மைசூர்பாகு என்றதும் ஞாபகம் வருகிறது. என் அறையில் சின்னத் தராசு ஒன்று வைத்திருக்கிறேன். போன வருடம் ஒரு அம்மா, வீட்டில் செய்ததை டப்பாவோடு கொண்டுவந்தார். ‘ஒண்ணே ஒண்ணுதான் சாப்பிடுறேன்’ என்றார். ஒரு துண்டை எடுத்து வைத்தோம், 42 கிராம். கீழே வைத்த காகிதத்தில் ஐந்து நிமிடத்தில் நெய் வட்டமாக ஊறி, மேசை தெரிய ஆரம்பித்தது. செய்முறையை அவரிடமே கேட்டேன். ஒரு பங்கு கடலை மாவு, இரண்டு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு நெய். அப்படியென்றால் அந்தத் துண்டில் சர்க்கரை மட்டும் 16, 17 கிராம், அதாவது நாலு தேக்கரண்டி. மொத்தம் 200 கலோரிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை மொத்த சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும் என்கிறது. 2000 கலோரிக் கணக்கில் அது 50 கிராம். காபி, டீயில் போடுவதும் இதில் சேர்த்தி. அப்படிப் பார்த்தால் ஒரு துண்டு யாரையும் கவிழ்த்துவிடாது. அவரிடம் நான் அதைத்தான் சொன்னேன்: ஒன்று சாப்பிடுங்கள், பாதியாக வெட்டி இரண்டு தடவை சாப்பிடுங்கள், ஆனால் சோற்றுக்குப் பதிலாக என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுக் குறிப்பேடு எழுதச் சொல்லிப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது இது. கெடுதல் தீபாவளி அன்று நடப்பதில்லை. அன்று எல்லோரும் கொஞ்சம் அதிகம் சாப்பிட்டு, ராத்திரி ரசம் சோறோடு முடித்துவிடுகிறார்கள். அடுத்த இரண்டு வாரம்தான் பிரச்சினை. டப்பாக்கள் சாப்பாட்டு மேசையிலேயே இருக்கும். நாலு மணிக் காபியோடு ஒரு கை மிக்சர், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. இதையெல்லாம் யாரும் சாப்பாடு என்று எழுதுவதே இல்லை. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில், நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி வரை 195 பேரின் எடையைத் தொடர்ந்து பார்த்தார்கள். சராசரியாக ஏறியது 0.37 கிலோதான். ஆனால் அந்த எடை அதற்கு அடுத்த மாதங்களில் இறங்கவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது. அது அவர்களுடைய பண்டிகைக் காலத்துக் கணக்கு. நம் ஊருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது. தேங்கிவிடுகிற எடை வருடா வருடம் கூடும் என்பது மட்டும் நம் ஊரிலும் நான் கண்ணால் பார்ப்பது. உங்கள் 6.1 என்ற எண் சர்க்கரை நோய்க்கு முந்தின நிலை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றும், 13.6 கோடிப் பேர் உங்களைப் போல வாசலில் நிற்கிறார்கள் என்றும் மதிப்பிட்டது. வாசலில் நிற்பவர்கள் திரும்பிப் போக முடியும்; இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

செய்யக்கூடியதைச் சொல்கிறேன். டப்பாவை எடுத்து எட்டாத அலமாரியில், கண்ணில் படாத எவர்சில்வர் தூக்கில் வையுங்கள். கேட்க அற்பமாக இருக்கும். இதைவிட நன்றாக வேலை செய்த ஆலோசனை என்னிடம் இல்லை. சாப்பாட்டில் முதலில் பொரியல், கூட்டு, பருப்பு, பிறகு சோறு என்று வரிசையை மாற்றினால் சாப்பிட்ட பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. ஆய்வுகள் சிறியவை என்றாலும் முடிவு திரும்பத் திரும்ப ஒரே பக்கம் வருகிறது. இனிப்பைத் தனியாகக் காபியோடு சாப்பிடாமல் சாப்பாட்டின் கடைசியில் சாப்பிடுங்கள். அப்புறம் பத்துப் பதினைந்து நிமிடம் மொட்டை மாடியிலோ தெருவிலோ நடை. காலையில் இட்லி தோசையோடு ஒரு கிண்ணம் சுண்டலோ பயறோ இருந்தால் பதினொரு மணிக்கு டப்பாவைத் தேடுகிற பசி வராது. வெல்லம் போட்ட அதிரசம் பரவாயில்லை, சர்க்கரை போட்டதுதான் கெடுதல் என்று உங்கள் கேள்வியில் ஓர் எண்ணம் தெரிகிறது. வெல்லத்தில் இரும்பும் மற்ற தாதுக்களும் கொஞ்சம் உண்டு, உண்மை. ஆனால் ரத்தச் சர்க்கரைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாட்டுச்சர்க்கரைக்கும் அதே பதில். முறுக்கு சுட்ட எண்ணெய் கறுத்து, நுரை கட்டி, புகைய ஆரம்பித்துவிட்டால் கொட்டிவிடுங்கள். எண்ணெயில் உருவாகும் கெட்டுப்போன பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக் கூடாது என்று 2018 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியே இருக்கிறது. வீட்டில் அளக்க முடியாது. நிறமும் வாடையும் காட்டிக்கொடுக்கும்.

இப்போது பைக்கு வருவோம். வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்பது, இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970இல் பரப்பிய நம்பிக்கை. அதன்பிறகு பல ஆயிரம் பேரிடம் சோதித்துவிட்டார்கள். சாதாரணமாக வாழ்கிற நமக்குச் சளி பிடிப்பதை அது தடுப்பதில்லை. தினமும் எடுத்துவருகிறவர்களுக்குச் சளி நாட்கள் சுமார் 8 சதவீதம் குறைகின்றன, அதாவது ஏழு நாள் சளியில் அரை நாள். மூக்கு ஒழுக ஆரம்பித்த பிறகு போட்டால் பெரிய பலன் இல்லை. மாரத்தான் ஓடுகிறவர்கள் போலக் கடும் உழைப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் நல்ல பலன் தெரிந்தது. பெண்களுக்கு ஒரு நாள் தேவை 65 மில்லிகிராம். இதே மாதங்களில்தான் நெல்லிக்காயும் கொய்யாவும் தள்ளுவண்டியில் குவிந்து கிடக்கின்றன. இரண்டிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கொய்யாப்பழம் போதும். தேனிலும் பாகிலும் ஊறவைத்த நெல்லியை மட்டும் இனிப்புக் கணக்கில் சேருங்கள். 500 மாத்திரை எப்போதாவது ஒன்று போட்டால் கெடுதல் இல்லை. சிறுநீரகக் கல் வந்தவர்கள் தினமும் போட வேண்டாம்.

சிங்க் விஷயம் அரைகுறையானது. வாயில் வைத்துச் சப்பும் வகையைச் சளி தொடங்கிய முதல் நாளே ஆரம்பித்தால் சில ஆய்வுகளில் நாட்கள் குறைந்தன, சிலவற்றில் இல்லை. நீங்கள் வாங்கியது விழுங்கும் 50 மில்லிகிராம். கொரோனா நேரத்தில் எல்லார் வீட்டுக்கும் வந்து பழகிப்போன மாத்திரை அது. பெண்களுக்கு ஒரு நாள் தேவை சுமார் 13தான். 40க்கு மேல் நீண்ட நாள் போனால் உடம்பில் தாமிரச் சத்து குறையும், குமட்டும். மூன்று மாதம் போடுவதற்கான மாத்திரை அல்ல. திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வைட்டமின் டி 60,000 பற்றி நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: அட்டையைப் பார்த்துச் சாப்பிடுங்கள். அது வாரம் ஒன்று, அதுவும் குறைபாடு இருந்தால், வழக்கமாக எட்டு வாரம். சில வருடம் முன்பு ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். வாந்தி, மலச்சிக்கல், பேச்சு தடுமாற்றம். பக்கவாதமோ என்று பயந்திருந்தார்கள். ரத்தத்தில் கால்சியம் 13ஐத் தாண்டியிருந்தது, 10.5க்குள் இருக்க வேண்டியது. மகள் மாத்திரைப் பெட்டியைத் திறந்து காட்டியபோது புரிந்தது. வாரம் ஒன்று என்று சொன்னதைத் தினம் ஒன்று என்று எடுத்துக்கொண்டு ஏழு வாரமாகப் போட்டிருக்கிறார். குணமாகி வீடு போக வெகுநாள் ஆனது. வைட்டமின் டி குறைபாடு நம் ஊரில் மிகச் சாதாரணம். அம்மாவுக்கு இருக்கவும் கூடும். ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் எழுதினால் போடுங்கள், சாப்பாட்டோடு. மருந்துக்கடையில் கேட்டு வாங்கியதைத் தானாக ஆரம்பிக்காதீர்கள்.

மஞ்சள் கேப்ஸ்யூலை இருவருமே தொட வேண்டாம் என்பது என் முடிவு. சமையலில் போடும் மஞ்சள் வேறு, அதில் பயமே இல்லை. மஞ்சளில் உள்ள குர்க்குமின் உடம்பில் லேசில் சேராது. 1998இல் பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் மிளகின் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் அது இருபது மடங்கு கூடியது. அந்தக் கேப்ஸ்யூல்களில் மிளகுச் சத்து வந்தது அப்படித்தான். அதே பைப்பரின் வேறு சில மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் கூட்டும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட மஞ்சள் மாத்திரைகளால் கல்லீரல் வீங்கியவர்களைப் பற்றி மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனால் பண்டிகைக்காக ஏற்க வேண்டிய அபாயம் அல்ல.

பயோட்டின் முடியை வளர்க்கும் என்பதற்குக் குறைபாடு இல்லாதவர்களிடம் நல்ல ஆதாரம் இல்லை. அதைவிட, அது ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் புரட்டிவிடும். தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்எச் பொய்யாகக் குறைந்து தெரியலாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் டிரோபோனினும் குறைந்து தெரியலாம். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்கே எச்சரிக்கை விட்டது. வீட்டில் ஒருவர் வாங்கியதை எல்லோரும் போடுவது நம் பழக்கம். அம்மா அதைப் போட்டுக்கொண்டு தைராய்டு பரிசோதனைக்குப் போனால், நன்றாக இருக்கும் மருந்து அளவைத் தவறாகக் குறைத்துவிடுவார்கள். மல்டிவைட்டமினால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பையில் தனியாக வாங்கிய பாதிச் சத்துகள் அதிலேயே கொஞ்சம் கொஞ்சம் இருக்கும்.

சரி, உண்மையாகவே குறைந்திருக்கக்கூடியது எது? அம்மாவுக்கு பி12. சைவ உணவில் அது பால், தயிர் வழியாக மட்டும்தான் வருகிறது. வருடக்கணக்கில் எடுக்கும் மெட்ஃபார்மின் அதையும் சரியாகச் சேரவிடாது. பாதம் மரத்துப்போவது, எரிவது, மறதி, அசதி எல்லாவற்றையும் ‘சர்க்கரையால்தான், வயசால்தான்’ என்று விட்டுவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனை போதும். குறைந்திருந்தால் மாத்திரையோ ஊசியோ நிச்சயம் வேலை செய்யும். உங்களுக்கு மாதவிடாய் இன்னும் வருகிறது, அதிகமாகப் போகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஹீமோகுளோபின் பாருங்கள், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்தால் காபி, டீயிலிருந்து ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். அந்தக் கொய்யாப்பழத்தோடு போட்டால் நன்றாகச் சேரும். அம்மாவின் தைராக்சினை அதிகாலையில் வெறும் தண்ணீரோடு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி முன்பு. தீபாவளி அன்றும் லேகியத்துக்கு முன்னால் அதுதான். கால்சியம், இரும்பு, மல்டிவைட்டமின் எதுவாக இருந்தாலும் நாலு மணி நேரம் கழித்துத்தான்.

லேகியத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், தனியா, சித்தரத்தை, வெல்லம், நெய், நல்லெண்ணெய் என்று வீட்டுக்கு வீடு மாறும். இஞ்சியும் சுக்கும் குமட்டலுக்கு நல்லது என்பதற்கு ஆதாரம் உறுதி; வயிற்று மந்தத்துக்கு ஓரளவு. லேகியம் முழுவதையும் வைத்து யாரும் பெரிய ஆய்வு செய்யவில்லை. நெல்லிக்காய் அளவு உருண்டை ஒன்று எனக்குப் பிடித்த வழக்கம், விடச் சொல்ல மாட்டேன். பாதிக்குப் பாதி வெல்லம் என்பதால் மருந்து என்று சொல்லித் தினமும் கரண்டியால் சாப்பிடுவதுதான் கூடாது. எதிர்ப்புச் சக்திக்கு என்று சீந்தில் கஷாயத்தை மாதக்கணக்கில் குடிப்பது வேறு விஷயம். 2021இல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் எடுத்த ஆறு பேரின் கல்லீரல் பாதிப்பைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் முடியாத இடத்தில், ஏற்கெனவே மூன்று மாத்திரை எடுக்கும் 71 வயதுக்காரரைக் கொண்டுபோய் நிறுத்த எனக்கு மனம் வராது.

மழைக்கால நோய்க்கு, பையில் இருக்கும் எல்லாவற்றையும்விட நிரூபணமான விஷயம் ஃப்ளூ தடுப்பூசி. அம்மாவின் வயதுக்கும் சர்க்கரைக்கும் அது மிகவும் தேவை. போட்டு இரண்டு வாரம் கழித்துத்தான் பாதுகாப்பு வரும் என்பதால் அடைமழைக்கு முன்பே கேட்டுப் போட்டுவிடுங்கள். காய்ச்சல் வந்தால், டெங்கு இல்லை என்று தெரியும் வரை பாரசிட்டமால் மட்டும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளைத் தானாகப் போட வேண்டாம். ரத்தக் கசிவைக் கூட்டும். மாரடைப்புக்காக டாக்டர் எழுதி ஆஸ்பிரின் எடுப்பவர்கள் மட்டும் அவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. நிலவேம்புக் குடிநீர் குடிப்பதால் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். காய்ச்சலோடு சாப்பாடு இறங்காமல் வாந்தி எடுத்தால், அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளை என்ன செய்வது என்று அன்றைக்கே கேளுங்கள். டாக்டரிடம் போகும்போது அந்தப் பையையும், வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப் போங்கள்.